ஜார் ட்ரீல இருக்கு, பிளகின் மட்டும் காணோம்னு சொல்லுது

வாசகர் கேள்வி:

அண்ணா, நான் வேலை பாக்குறது ஒரு மல்டி மாட்யூல் ஜாவா பிராஜெக்ட்ல, கோடை கம்பைல் பண்ணி பேக் பண்ற பில்ட் டூல் மேவன். போன வாரம் கோடை தானா பில்ட் பண்ற சிஐ சர்வரோட இமேஜை மாத்தினாங்க, அதுலேர்ந்து கோட் ஜெனரேட் பண்ற ஒரு பழைய பிளகின் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் எரர் அடிச்சு விழுது. காணோம்னு சொல்ற கிளாஸ் பிளெக்ஸஸ்-யூட்டில்ஸ்ங்கற உதவி லைப்ரரியோடது. என் லேப்டாப்ல அதே கோட் ஜம்முனு ஓடுது. அந்த லைப்ரரியோட ஜாரை, மேவன் படிக்கிற போம் ஃபைல்ல டிபென்டென்சிஸ்ல சேர்த்தேன், டிபென்டென்சி மேனேஜ்மென்ட்லயும் போட்டேன், லோக்கல் ரிப்பாசிட்டரிய முழுசா அழிச்சும் பாத்தாச்சு. டிபென்டென்சி ட்ரீ எடுத்தா ஜார் அழகா தெரியுது, எரர் மட்டும் போக மாட்டேங்குது. டீம்ல சீனியர் ஒருத்தர் "பிளகினுக்கெல்லாம் வெர்ஷன் போடாத, லேட்டஸ்ட் தானா வரும், எல்லாம் சரியாயிடும்"ங்கறார். இந்த பிளகின் டிபென்டென்சிய எப்படித்தான் கட்டி மேய்க்கிறது?

பதில்:

தம்பி, முதல்ல உங்க லேப்டாப்லயும் சர்வர்லயும் எம்விஎன் ஹைஃபன் வி அடிச்சுப் பாருங்க. லேப்டாப்ல 3.8ஓ 3.6ஓ இருக்கும், சர்வர்ல 3.9ஓ அதுக்கு மேலயோ இருக்கும், இதுக்கு நான் பந்தயமே கட்டுவேன். ஐடிஇ உள்ளேர்ந்து ஓட்டுறீங்கன்னா அது தனக்குள்ளயே ஒரு மேவனை வெச்சிருக்கும், டெர்மினல்ல தெரியிற வெர்ஷனும் அதுவும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல, அதையும் செட்டிங்ஸ்ல போய் பாத்துடுங்க.

விஷயம் என்னன்னா, மேவன் 2 காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. எந்த பிளகின் ஓடினாலும், அது பிளெக்ஸஸ்-யூட்டில்ஸ் வேணும்னு தன் போம்ல எழுதாம விட்டிருந்தா, மேவனே ரொம்பப் பழைய 1.1 வெர்ஷனை எடுத்து அந்த பிளகினோட கிளாஸ்பாத்துல, அதாவது கிளாஸைத் தேடற ஜார் லிஸ்ட்ல, நைஸா சொருகிடும். மேவன் 3 வந்தப்பவும் பழசு உடைஞ்சிடக் கூடாதேன்னு அப்படியே விட்டுட்டாங்க. இதனால என்ன ஆச்சுன்னா நிறைய பிளகின் எழுதினவங்க அந்த ஜாரை யூஸ் பண்ணுவாங்க ஆனா டிபென்டென்சின்னு எழுத மாட்டாங்க, எழுதலைன்னாலும் ஓடிச்சு, அதனால யாரும் கண்டுக்கல. 2023 ஆரம்பத்துல வந்த 3.9.0ல இந்த சொருகல நிறுத்திட்டாங்க. அன்னைலேர்ந்து வேணும்னு எழுதி வெச்ச பிளகினுக்குத்தான் கிடைக்கும், எழுதாம ஓசில ஓட்டிட்டு இருந்ததெல்லாம் வரிசையா விழ ஆரம்பிச்சுது. உங்க பழைய பிளகின் அதுல ஒண்ணு. இது ரகசியமும் இல்ல, 3.9.0 ரிலீஸ் நோட்ஸ்லயே இதை எழுதி, சமாளிக்கிற வழியும் சொல்லியிருக்காங்க. ஆனா இமேஜ் மாத்துறவங்க ரிலீஸ் நோட்ஸ் படிக்கிறதில்ல, படிக்கிறவங்க கையில இமேஜ் இல்ல.

அப்போ மருந்து என்ன? உங்க போம்ல அந்த கோட் ஜெனரேட் பிளகின் எழுதியிருக்கிற இடத்துக்குப் போங்க. அந்த பிளகின் டேக் உள்ளயே, கான்ஃபிகரேஷன், எக்சிக்யூஷன்ஸ் எல்லாம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல தனியா ஒரு டிபென்டென்சிஸ் டேக் திறந்து, அதுக்குள்ள பிளெக்ஸஸ்-யூட்டில்ஸை குரூப் ஐடி, ஆர்டிஃபாக்ட் ஐடி, வெர்ஷன் மூணும் போட்டு எழுதுங்க. அந்த பிளகின் இத்தனை நாளா ஓடினது 1.1 மேல, அதனால 1.1ஏ போட்டா பழைய நடத்தை அப்படியே திரும்பி வந்துடும். நீங்க பிராஜெக்ட் டிபென்டென்சிஸ்லயும் டிபென்டென்சி மேனேஜ்மென்ட்லயும் சேர்த்தத ரெண்டையும் தூக்கிடுங்க, அங்க அதுக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா உங்க வார் ஃபைலுக்குள்ள போய் உக்காந்துக்கும். அதுக்கும் முன்னாடி ஒரு தடவை அந்த பிளகினுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கான்னு பாத்துடுங்க, வந்திருந்து அதுல டிபென்டென்சிய ஒழுங்கா எழுதியிருந்தாங்கன்னா வெர்ஷனை ஏத்திட்டுப் போயிடலாம், இந்த ஒட்டு வேலையே வேணாம்.

சரி, டிபென்டென்சிஸ்ல போட்டா ஏன் வேலை செய்யலைங்கறதுதான் உங்க கேள்வில முக்கியமான இடம், இது புரிஞ்சா மிச்சம் பாதி தானா புரியும். வீட்டுக்கு மரவேலை செய்ய ஒரு ஆசாரி வர்றார்னு வெச்சுக்கோங்க. அவர் உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாம் தன் பையில கொண்டு வருவார். நீங்க உளி வாங்கி உங்க வீட்டு அலமாரிக்குள்ள வெச்சா அவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பையில போட்டாத்தான் அவர் கைக்கு வரும். பிளகின்ங்கறது அந்த ஆசாரி மாதிரி, உங்க அப்ளிகேஷனோட பாகம் கிடையாது, உங்க அப்ளிகேஷனைக் கட்டுறதுக்கு வந்த வேற ஒரு புரோகிராம். மேவன் ஒவ்வொரு பிளகினுக்கும் தனித்தனியா ஒரு கிளாஸ்லோடர் போடும், ரெல்ம்னு பேரு. அந்த ரெல்முக்குள்ள பிளகினோட ஜார், பிளகினோட போம்ல எழுதியிருக்கிற டிபென்டென்சிங்க, அப்புறம் நீங்க பிளகின் டேக்குக்குள்ள எழுதின டிபென்டென்சிங்க, இவ்வளவுதான் இருக்கும். மேவனோட சொந்த ஏபிஐ மட்டும் மேவன்லேர்ந்தே வந்துடும். உங்க பிராஜெக்ட் டிபென்டென்சி எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.

இங்க ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிடறேன். "டெஸ்ட் ஓட்டுற ஷூர்ஃபயர் பிளகினுக்கு நான் ஜேயூனிட்ங்கற டெஸ்ட் லைப்ரரிய பிராஜெக்ட் டிபென்டென்சிலதானே போடறேன், அது மட்டும் எப்படித் தெரியுது?"ன்னு கேப்பீங்க. தெரியுதுதான், ஆனா வேற மாதிரி. உங்க டெஸ்ட் கிளாஸ்பாத் எதுன்னு ஷூர்ஃபயர் மேவன்கிட்ட ஒரு லிஸ்டா கேட்டு வாங்கிக்கும், அதுல ஜேயூனிட் எந்த வெர்ஷன் இருக்குன்னு பாத்து அதை ஓட்டத் தெரிஞ்ச ஜாரை, புரவைடர்னு பேரு, இறக்கிக்கும், அப்புறம் தனியா ஒரு ஜேவிஎம் கிளப்பி அதுல டெஸ்டை ஓட்டும். ஆசாரி உங்க வீட்டு மரத்தை அளந்து பாக்குறார், அறுக்குறார், ஆனா ரம்பம் அவரோடதுதான். கம்பைலர் பிளகினும் இதே கதை.

அப்புறம் அந்த டிபென்டென்சி ட்ரீ. அது பிராஜெக்டோட ட்ரீய மட்டும்தான் காட்டும், பிளகினோடத காட்டவே காட்டாது. அதுல ஜார் தெரியுறதப் பாத்துட்டு "இருக்கே, இருக்கே"ன்னு நீங்க தலைய பிச்சிக்கிட்டதுக்கு அதான் காரணம். பிளகின் பக்கத்தப் பாக்கணும்னா டிபென்டென்சி பிளகின்லயே ரிசால்வ்-பிளகின்ஸ்னு ஒரு கோல் இருக்கு, அது ஒவ்வொரு பிளகினும் என்னென்ன இழுத்துட்டு வருதுன்னு காட்டும். அதைவிட நம்பகமானது ஹைஃபன் எக்ஸ் போட்டு டீபக் மோட்ல ஓட்டுறது. லாக் மலை மாதிரி வரும், பயப்படாதீங்க, "பாப்புலேட்டிங் கிளாஸ் ரெல்ம் பிளகின்"னு தேடுங்க, அதுக்குக் கீழ இன்குளூடெட் இன்குளூடெட்னு அந்த பிளகினுக்குள்ள நிஜமாவே போன ஜார் எல்லாம் வரிசையா இருக்கும். உங்க கேஸ்ல அதுகூட தேவைப்பட்டிருக்காது, ஏன்னா பிளகினுக்கு கிளாஸ் கிடைக்கலைன்னா மேவன் அடிக்கிற எரர்லயே ரெல்ம் பேரும், அதுல இருக்கிற யூஆர்எல் எல்லாம் 0, 1, 2ன்னு நம்பர் போட்டும் வரும். எரரோட முதல் லைன மட்டும் காப்பி பண்ணி தேடறது நம்ம எல்லாருக்கும் இருக்கிற வியாதி, நானும் விதிவிலக்கில்ல, ஆனா இந்த எரர்ல விடை பத்து லைன் கீழதான் இருக்கு.

டிபென்டென்சி மேனேஜ்மென்ட்ல போட்டது ஏன் ஒட்டலைன்னா, அது பிராஜெக்ட் டிபென்டென்சிக்கு மட்டும்தான் செல்லும். பிளகினுக்குள்ள வர்ற ஜாரோட வெர்ஷனை அது தொடாது, பெரிய ஃபிரேம்வொர்க்கோட வெர்ஷன் லிஸ்டை, பாம்னு சொல்வாங்க, இம்போர்ட் பண்ணியிருந்தாலும் தொடாது. அதனாலதான் பிளகினுக்குள்ள எழுதற டிபென்டென்சிக்கு வெர்ஷன் கண்டிப்பா போட்டாகணும், விட்டா மேவன் எரர் அடிச்சு நிறுத்திடும். வெர்ஷன் ஒரே இடத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டா பேரன்ட் போம்ல ஒரு பிராப்பர்ட்டி வெச்சு ரெண்டு பக்கமும் அதையே கூப்பிட்டுக்கோங்க. பிளகினுக்கு இருக்கிறது பிளகின் மேனேஜ்மென்ட். அதுல பிளகின், அதோட வெர்ஷன், கான்ஃபிகரேஷன், அதுக்குள்ள டிபென்டென்சிஸ்னு எல்லாத்தையும் பேரன்ட்ல ஒரு தடவை எழுதிட்டா, கீழ இருக்கிற மாட்யூல் பிளகின் பேரை மட்டும் சொன்னாப் போதும், மிச்சம் எல்லாம் சேர்ந்துக்கும். மறந்துடக் கூடாதது, பிளகின் மேனேஜ்மென்ட்ல எழுதறது வெறும் ஏற்பாடுதான், அதனால எந்த பிளகினும் ஓட ஆரம்பிச்சிடாது. யாராவது அதை பிளகின்ஸ்ல கூப்பிடணும், இல்ல அது கம்பைலர், ஷூர்ஃபயர் மாதிரி மேவனே தானா கூப்பிடற பிளகினா இருக்கணும், இல்ல நீங்க கமாண்ட் லைன்ல நேரா கூப்பிடணும். "எழுதியிருக்கேன் ஆனா ஓடவே மாட்டேங்குது"ன்னு வர்ற கேள்வில முக்கால்வாசி இதுதான்.

இப்ப உங்க சீனியர் விஷயம். மரியாதையாவே சொல்றேன், அவர் சொல்றது தப்பு. வெர்ஷன் போடலைன்னா லேட்டஸ்ட் வரும்ங்கறது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. கம்பைலர், ரிசோர்சஸ், ஷூர்ஃபயர், ஜார் மாதிரி அடிப்படை பிளகினுக்கெல்லாம் வெர்ஷன் போடலைன்னா லேட்டஸ்ட் வராது, நீங்க இன்ஸ்டால் பண்ணியிருக்கிற மேவன் தனக்குள்ள எழுதி வெச்சிருக்கிற வெர்ஷன்தான் வரும். மேவன் 3.8ல அந்த லிஸ்ட்ல கம்பைலர் பிளகின் 3.1, ஷூர்ஃபயர் 2.12.4, ரெண்டுமே அரதப் பழசு. 3.9.0ல கம்பைலர் 3.10.1 ஆச்சு, ஷூர்ஃபயர் 3க்குத் தாவிடுச்சு. அப்ப என்ன அர்த்தம்? வெர்ஷன் எழுதாத போம் ஒண்ணை 3.8ல ஓட்டினா ஒரு பில்ட், 3.9ல ஓட்டினா வேற பில்ட். இந்த லிஸ்ட்ல இல்லாத மத்த பிளகினுக்கு வெர்ஷன் போடலைன்னா ரிப்பாசிட்டரில மெட்டாடேட்டா பாத்து ரிலீஸ் ஆனதுல புதுசா ஒண்ணை எடுக்கும், நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணுன்னு மாறும். மேவன் 3 இதுக்கு பில்ட் ஆரம்பத்துலயே மஞ்சள் கலர்ல வார்னிங் கொடுக்குது, வெர்ஷன் மிஸ்ஸிங்னு. மேவன் 2ல வெர்ஷன் இடத்துல லேட்டஸ்ட், ரிலீஸ்னு எழுதிக்கலாம், மேவன் 3ல அதையும் எடுத்துட்டாங்க, எடுத்ததுக்கு அவங்க சொன்ன காரணமே ஒரே கோட் எப்பவும் ஒரே பில்டைத் தரணும்ங்கறதுதான்.

இதுல நானே ஒரு தடவை நல்லா சூடு பட்டிருக்கேன். முன்னாடி ஒரு டீம்ல ஜேயூனிட் 4லேர்ந்து 5க்கு மாறினோம், எல்லா டெஸ்டையும் மாத்தி எழுதினோம், பில்ட் பச்சை, எல்லாரும் சந்தோஷம். ரெண்டு வாரம் கழிச்சு ஒருத்தர் வேணும்னே ஒரு டெஸ்டை உடைச்சுப் பாத்தார், அப்பவும் பச்சை. லாகைப் பாத்தா டெஸ்ட்ஸ் ரன் ஸீரோ. ஷூர்ஃபயருக்கு யாரும் வெர்ஷன் போடல, மேவன் கூடவே வந்த 2.12.4 ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு ஜேயூனிட் 5ன்னா என்னன்னே தெரியாது, 2.22.0லதான் ஷூர்ஃபயர் அதை நேரடியா சப்போர்ட் பண்ண ஆரம்பிச்சுது. அதனால அது டெஸ்ட் ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணி சத்தமே போடாம நகர்ந்துடுச்சு. பில்ட் உடைஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டு வாரமா டெஸ்டே இல்லாம மெர்ஜ் பண்ணிட்டு இருந்தோம்ங்கறத இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. அதே கதையோட வால் ஒண்ணு, 2.22க்கு முன்னாடி ஜேயூனிட் 5 ஓட்டணும்னா ஷூர்ஃபயர் பிளகினுக்குள்ள தனியா ஒரு புரவைடர் ஜாரை டிபென்டென்சியா சேர்க்கணும்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, அதை இன்னும் பல பேர் பழைய போம்லேர்ந்து காப்பி பண்ணிட்டு இருக்காங்க, உங்க போம்ல இருந்தா ஷூர்ஃபயரை ஏத்திட்டு அதைத் தூக்கிடுங்க.

பிளகினுக்குள்ள டிபென்டென்சி சேர்க்கிறது எரரை அடக்க மட்டும் இல்ல, நல்ல காரியத்துக்கும் உண்டு, நான் அதிகமா யூஸ் பண்றது கோட் எழுதின ஸ்டைலை செக் பண்ற செக்ஸ்டைல்லதான். மேவன் செக்ஸ்டைல் பிளகின்ங்கறது வேற, அது உள்ள வெச்சு ஓட்டுற செக்ஸ்டைல்ங்கறது வேற. பிளகின் 3 வரிசைல சமீபத்து வெர்ஷன் எல்லாம் கூட கொண்டு வர்றது செக்ஸ்டைல் 9.3, ஏன்னா செக்ஸ்டைல் 10க்கு ஜாவா 11 வேணும், பிளகினோ ஜாவா 8ல இருக்கிறவங்களையும் விட முடியாது. நீங்க ஜாவா 21ல இருந்துட்டு ரெக்கார்ட் பேட்டர்ன் அது இதுன்னு புது சின்டாக்ஸ் எல்லாம் எழுதறீங்கன்னா, பிளகின் டேக்குக்குள்ள செக்ஸ்டைல் 10ல ஒண்ணை டிபென்டென்சியா எழுதுங்க, அது 9.3ஐ தள்ளிட்டு வந்து உக்காந்துக்கும். அதே இடத்துல உங்க ரூல்ஸ் ஃபைல் இருக்கிற ஜாரையும் சேர்த்துட்டா, ஒவ்வொரு மாட்யூலுக்கும் எக்ஸ்எம்எல்ல காப்பி பண்ணிட்டு அலைய வேணாம், கிளாஸ்பாத்லேர்ந்தே எடுத்துக்கும்.

அந்த ரூல்ஸ் ஜார் அதே பிராஜெக்ட்ல ஒரு மாட்யூலா இருந்தா ஒரு பொறி இருக்கு. பிளகினுக்குள்ள எழுதின டிபென்டென்சியையும் மேவன் மாட்யூல் வரிசை போடறப்ப கணக்குல எடுத்துக்கும், அதனால ரூல்ஸ் மாட்யூல் முதல்ல பில்ட் ஆகும், நல்லது. ஆனா அந்த பிளகினை பேரன்ட்ல பிளகின்ஸ்ல எழுதியிருந்தீங்கன்னா ரூல்ஸ் மாட்யூலும் அந்த பேரன்டோட பிள்ளைதானே, பேரன்டுக்கு ரூல்ஸ் வேணும், ரூல்ஸுக்கு பேரன்ட் வேணும்னு ஒண்ணையொண்ணு சுத்திட்டு நிக்கும், மேவன் கையை விரிச்சிடும். பேரன்ட்ல பிளகின் மேனேஜ்மென்ட்ல வெச்சுட்டு ரூல்ஸ் தவிர மத்த மாட்யூல்ல மட்டும் கூப்பிடுங்க, பிளகின் மேனேஜ்மென்ட்ல சும்மா எழுதி வெச்சது வரிசைய பாதிக்காது. இல்ல, ரூல்ஸ் மாட்யூலுக்கு அந்த பேரன்டே வேணாம்னு பிரிச்சு விட்டுடுங்க.

உங்க டீம் ஜாவா வெர்ஷன் ஏத்தறப்ப அடுத்து வரப்போறதையும் இப்பவே சொல்லிடறேன். "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61"னு ஒண்ணு வரும். 61னா ஜாவா 17, 65னா ஜாவா 21. உங்க கோட்ல தப்பு இருக்காது, ஏதோ ஒரு பிளகின் உள்ள வெச்சிருக்கிற ஏஎஸ்எம் லைப்ரரி பழசு, புது கிளாஸ் ஃபைலை அதுக்குப் படிக்கத் தெரியல. பிளகினை ஏத்த முடிஞ்சா ஏத்துங்க, அதுதான் சரி. பிளகின் கைவிடப்பட்டு பல வருஷம் ஆச்சுன்னா பிளகினுக்குள்ள புது ஏஎஸ்எம் எழுதி சமாளிக்கலாம், ஆனா ஏஎஸ்எம் ஒரே ஜார் இல்ல, கோர், ட்ரீ, காமன்ஸ்னு துண்டு துண்டா வரும், பிளகின் எதையெல்லாம் இழுக்குதோ அதையெல்லாம் ஒரே வெர்ஷன்ல எழுதணும், ஒண்ணை மட்டும் ஏத்தி மத்ததை விட்டா நோசச்மெத்தட் எரர்னு வேற பேர்ல அதே தலைவலி வரும். இந்த வித்தை எல்லாத்துக்கும் பலிக்காது. டெஸ்ட் எவ்வளவு கோடைத் தொட்டுச்சுன்னு அளக்கிற ஜாகோகோவோட ஏஜென்ட், ஏஎஸ்எம்மை பேக்கேஜ் பேரை மாத்தி தன் ஜாருக்குள்ளயே பொதிஞ்சு வெச்சிருக்கும், வெளியேர்ந்து நீங்க எத்தனை ஏஎஸ்எம் கொட்டினாலும் அது தன் வயித்துல இருக்கிறதைத்தான் பாக்கும். அங்க ஜாகோகோவையேதான் ஏத்தணும், ஜாவா 17க்கு 0.8.8, 21க்கு 0.8.11 இருந்தாத்தான் அவங்க அதிகாரபூர்வமா சப்போர்ட்டுன்னு சொல்றாங்க.

எந்த வெர்ஷன் ஜெயிக்கும்ங்கறதுல ஒரு எச்சரிக்கை. மேவன்ல பெரிய நம்பர் ஜெயிக்காது, கிட்ட இருக்கிறது ஜெயிக்கும். நீங்க பிளகினுக்குள்ள நேரா எழுதினதுதான் இருக்கிறதுலயே கிட்ட, அதனால அது எப்பவும் ஜெயிக்கும், பழசா இருந்தாலும் ஜெயிக்கும். இதனாலதான் பிளெக்ஸஸ்-யூட்டில்ஸ் 1.1ஐ விழுற அந்த ஒரு பிளகினுக்கு மட்டும் போடச் சொல்றேன். "எதுக்கு வம்பு, எல்லா பிளகினுக்கும் போட்டு வெச்சிடுவோம்"னு போட்டீங்கன்னா, ஏற்கெனவே 3ல ஒண்ணைத் தன்னோட ஒழுங்கா கொண்டு வர்ற நல்ல பிளகினையும் 1.1க்கு இழுத்துக் கீழ தள்ளிடுவீங்க, அப்புறம் அதுங்க விழும். கிரேடில்ங்கற இன்னொரு பில்ட் டூல்லேர்ந்து வர்றவங்க இதுல தடுமாறுவாங்க, அங்க சாதாரணமா பெரிய வெர்ஷன்தான் ஜெயிக்கும்.

செய்ய முடியாத ரெண்டையும் சொல்லிடறேன், தேடி நேரம் வீணாக்காதீங்க. பிளகினோட டிபென்டென்சில ஒண்ணை எனக்கு வேணாம்னு நேரா எக்ஸ்குளூட் பண்ண பிளகின் டேக்ல வழி இல்ல, எந்த டிபென்டென்சி வழியா அது வருதோ அதையே நீங்க பிளகினுக்குள்ள மறுபடி எழுதி அதுக்குள்ள எக்ஸ்குளூஷன் போடணும். இன்னொண்ணு, டிபென்டென்சிஸ் பிளகின் அளவுலதான் உண்டு, எக்சிக்யூஷன் அளவுல கிடையாது. ஒரே மாட்யூல்ல ஒரே பிளகினை ரெண்டு எக்சிக்யூஷனா வெச்சு ஒண்ணுக்கு ஒரு ஜாரும் இன்னொண்ணுக்கு வேற ஜாரும் கொடுக்க முடியாது. வேற மாட்யூலா பிரிச்சா நடக்கும், மாட்யூலுக்கு மாட்யூல் மேவன் 3 தனித்தனியா பாத்துக்கும்.

லாம்பாக், மேப்ஸ்ட்ரக்ட் மாதிரி, கம்பைல் ஆகறப்பவே கோட் சேர்த்துக் கொடுக்கிற அனோட்டேஷன் பிராசசர் யூஸ் பண்ணுவீங்க, அது மூணாவது பை. கம்பைலர் பிளகினோட டிபென்டென்சிஸ்ல லாம்பாக்கைப் போட்டுட்டு வேலை செய்யலையேன்னு முழிப்பாங்க, அது ஜாவா கம்பைலரான ஜாவாசிக்குப் போக வேண்டியது, பிளகினுக்கு இல்ல. கம்பைலர் பிளகினோட கான்ஃபிகரேஷன்ல அனோட்டேஷன் பிராசசர் பாத்ஸ்னு இருக்கு, அதுல எழுதணும். அதுல ஒண்ணை எழுதிட்டா கிளாஸ்பாத்ல இருக்கிற மத்த பிராசசரை ஜாவாசி தேடாது, அதனால எழுதினா எல்லாத்தையும் எழுதுங்க. லாம்பாக்கும் மேப்ஸ்ட்ரக்டும் சேர்ந்து இருந்தா லாம்பாக் 1.18.16லேர்ந்து லாம்பாக்-மேப்ஸ்ட்ரக்ட்-பைண்டிங்னு மூணாவது ஒண்ணும் வேணும். ஜேடிகே 23லேர்ந்து இப்படி ஏதாவது வெளிப்படையா சொல்லலைன்னா ஜாவாசி பிராசசரை ஓட்டாது, அதனால இப்பவே இந்த வழிக்கு வந்துடறது நல்லது.

இனிமே இது திரும்ப வராம இருக்க என்ன பண்ணணும்னா, முதல் வேலையா மேவன் ரேப்பர் போடுங்க. அது பிராஜெக்ட்குள்ளயே எந்த மேவன் வெர்ஷன்னு ஒரு பிராப்பர்ட்டிஸ் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும், லேப்டாப்பா இருந்தாலும் சிஐயா இருந்தாலும் எம்விஎன்டபிள்யூன்னு ஓட்டினா அதே வெர்ஷன்தான் இறங்கும், இமேஜ்ல எந்த மேவன் இருக்குங்கறது உங்க பிரச்சினையே இல்லாம போயிடும். அடுத்து என்ஃபோர்சர் பிளகின்ல ரிக்வயர் பிளகின் வெர்ஷன்ஸ்னு ஒரு ரூல் இருக்கு, வெர்ஷன் இல்லாத பிளகின் ஒண்ணு இருந்தாலும் பில்டை நிறுத்திடும், மேவனே தானா கூப்பிடற பிளகினையும் சேர்த்துதான் பாக்கும். சீனியர்கிட்ட வாக்குவாதம் பண்றதைவிட இந்த ரூலை போட்டுட்டு அவரையே ரிவ்யூ பண்ண விடுங்க. லேட்டஸ்ட் வேணும்ங்கற அவர் ஆசைக்கும் வழி இருக்கு, வெர்ஷன்ஸ் பிளகின்ல டிஸ்பிளே-பிளகின்-அப்டேட்ஸ் ஓட்டினா எதெல்லாம் பழசாச்சுன்னு காட்டும், பிளகினுக்குள்ள நீங்க எழுதின ஜாருக்கு டிஸ்பிளே-டிபென்டென்சி-அப்டேட்ஸ். பாத்து, தெரிஞ்சு, ஒரு கமிட்டா ஏத்துங்க, உடைஞ்சா எதனாலன்னு தெரியும்.

பிளகின் சிஐல ஓடறப்ப அந்த சர்வரோட எல்லா உரிமையோடயும் ஓடுது, டோக்கன் பாஸ்வேர்ட் எல்லாம் பக்கத்துலயேதான் இருக்கு. பிராஜெக்ட் டிபென்டென்சிய மட்டும் பாக்கிற ஸ்கேனருக்கு பிளகின் இழுத்துட்டு வர்ற ஜார் எதுவும் தெரியாது. உங்க செக்யூரிட்டி டீம் யூஸ் பண்றது எதுன்னு ஒரு தடவை கேட்டு வெச்சுக்கோங்க.

லோக்கல் ரிப்பாசிட்டரிய அழிச்சேன்னு எழுதியிருந்தீங்க. டவுன்லோட் பாதில நின்னு ஜார் கெட்டுப்போனா அது சரி, அப்பவும் அந்த ஒரு ஃபோல்டரை அழிச்சாப் போதும். கிளாஸ் எந்த ரெல்ம்ல இல்லைன்னு எரர்லயே எழுதியிருக்கிறப்ப மொத்தத்தையும் அழிச்சா அரைநாள் டவுன்லோட்தான் மிச்சம்.

அப்புறம் அந்த 1.1 எழுதற இடத்துல மேல ஒரு கமென்ட் போட்டு வைங்க, மேவன் 3.9ல இந்த பிளகின் விழுது, பிளகினை மாத்தினதும் இதை எடுத்துடணும்னு. இல்லைன்னா நாலு வருஷம் கழிச்சு வர்றவர் அது எதுக்குன்னு தெரியாம தொட பயந்து அப்படியே விட்டுடுவார், நான் அந்த மாதிரி அனாதை டிபென்டென்சி எத்தனையோ பாத்திருக்கேன், அதுல சிலது நான் போட்டதுதான்.

போட்டுப் பாத்துட்டு எழுதுங்க. அப்பவும் விழுந்தா எரரோட முதல் லைன் வேணாம், ரெல்ம்னு ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து யூஆர்எல் லிஸ்ட் முடியற வரைக்கும் அனுப்புங்க, கூடவே ரெண்டு மெஷினோட எம்விஎன் ஹைஃபன் வி அவுட்புட்டும்.